குயிலுக்கு எத்தனை முகம்?

போன வருஷம் ஒரு நண்பருக்காகப் பறவை சார்ட் ஒன்று செய்து கொடுத்தேன். அவர் கிராமத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். பள்ளிக்குப் பின்னாலேயே ஏரி. "பசங்க தினமும் பாக்குற 20 பறவை. படம், பேரு. அவ்வளவு போதும்" என்றார். எனக்கும் சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது. படமெடுக்கும் நண்பர்கள் நாலைந்து பேரிடம் கேட்டேன். வந்ததில் பளிச்சென்று இருந்ததையெல்லாம் பொறுக்கி அச்சடித்து அனுப்பிவிட்டேன்.

மாட்டிய பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி முருங்கை மரத்தைக் காட்டினாள். பூவில் ஒரு சின்னப் பறவை. மேலே மங்கிய பழுப்பு, கீழே மஞ்சள்.

"சார், இது சார்ட்ல இல்லையே?"

"இருக்கும்மா. அது ஊதாத் தேன்சிட்டு."

சார்ட்டில் கைவைத்துக் காட்டினேன். கருநீலமாக மின்னும் ஆண் பறவை. அவள் படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இல்ல சார், இது வேற" என்றாள்.

அவள் பார்த்தது பெண் தேன்சிட்டு. என் சார்ட்டில் அது இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ஆணும் பெண்ணும் வேறுவேறு மாதிரி இருக்கிற இனங்கள் அந்த 20-இல் ஏழு. ஏழுக்கும் நான் வைத்திருந்தது ஆண் படம். அதுவும் இனப்பெருக்கக் காலத்து ஆண். வருஷத்தில் சில மாதம் மட்டும் போட்டுக்கொள்ளும் கல்யாண உடையை அடையாள அட்டைப் படமாக ஒட்டியிருக்கிறேன்!

அன்றைக்குப் பிடித்த கேள்வி இது: ஒரு இனத்துக்கு "இதுதான் படம்" என்று யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்தார்கள்? தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

ஒரு குயில், இரண்டு பெயர்

முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்த பறவையிலிருந்தே ஆரம்பிப்போம். குயில்.

ஆண் குயில் கன்னங்கரேல். கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், தெரியாதவர்கள் ஒரே பறவை என்று சொல்லவே மாட்டார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் அபூர்வப் பறவைகளை வரைந்து புத்தகங்களாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். கப்பலில் தூர தேசங்களிலிருந்து வந்து சேரும் பறவைகள்தான் அவருக்கு மாதிரி. அதில் வங்காளத்திலிருந்து வந்த குயில்களும் இருந்தன. கறுப்பு ஒரு படம், பழுப்புப் புள்ளி ஒரு படம். இரண்டும் தனித்தனி இந்தியக் குயில்கள் என்றே போட்டார்.

ஸ்வீடனில் இருந்த லின்னேயஸ், 1758-இல் உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்துப் பட்டியல் போட்டபோது எட்வர்ட்ஸின் படங்களை நம்பினார். கறுப்புக்கு ஒரு பெயர். புள்ளிக்கு ஸ்கோலோபேசியஸ், அதாவது 'உள்ளான் மாதிரி' என்று இன்னொரு பெயர். ஆண் ஒரு இனம், பெண் ஒரு இனம்! அவரிடம் இருந்தது படம்தான். இந்த இரண்டும் சோடி சேர்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நம் ஊர்களில் இருந்தார்கள்.

பிற்பாடு இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. இன்றைக்கு நம் குயிலின் அறிவியல் பெயர் யூடினாமிஸ் ஸ்கோலோபேசியஸ். அதாவது பெண் குயிலின் படத்தைப் பார்த்து வைத்த பெயரே நிலைத்துவிட்டது. சார்ட்டில் ஆண் குயிலை மட்டும் வைத்த எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.

குயில் மட்டும்தான் இப்படி ஏமாற்றியது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் குளத்துக்குக் குளம் நீந்தும் மல்லார்டு வாத்தையே லின்னேயஸ் இரண்டாகப் போட்டிருக்கிறார். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர். அவர் நாட்டிலேயே இருக்கும் வாத்து அது.

சென்னையில் வரைந்த படங்கள்

எட்வர்ட்ஸ் காலத்துக்கு அரை நூற்றாண்டு கழித்துச் சென்னையில் ஒருவர் வரைந்தார். எலிசபெத் க்வில்லிம். கணவர் ஹென்றி க்வில்லிம் மதராஸ் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி. 1801-இல் சென்னைக்கு வந்தவர், 1807-இல் இங்கேயே இறந்துபோனார். இடையில் இருந்த ஆறேழு வருஷத்தில் அவர் வரைந்த பறவைப் படங்களில் 121 இன்றைக்கும் இருக்கின்றன. பெரும்பாலும் பறவையின் நிஜ அளவிலேயே வரைந்தவை. அவர் பெயர் வெளியே தெரியாமலே நூறு வருஷத்துக்கு மேல் போனது. 1924-இல் கேசி வுட் என்கிற கண் மருத்துவர் லண்டனில் கண்டுபிடித்து வாங்கியதால், படங்கள் இப்போது கனடாவில் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

பறவைகளை நிஜ அளவில் வரைந்தவர் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அமெரிக்காவின் ஆடுபான். 1827-க்கும் 1838-க்கும் இடையில் வெளிவந்த அவருடைய 435 படங்கள் உலகப் புகழ் பெற்றவை. சுட்ட பறவையைக் கம்பியால் கட்டி, உயிரோடு இருப்பது போல நிறுத்தி வைத்து வரைவார். தாள் எவ்வளவு பெரிதாக இருந்தும் பூநாரை அதில் அடங்கவில்லை, கழுத்தைக் குனிய வைத்துத்தான் வரைந்தார். க்வில்லிம் வரைந்து முடித்தது இதற்கெல்லாம் இருபது வருஷம் முந்தி.

அடுத்து ஜெர்டன். மதராஸ் ராணுவத்தில் மருத்துவர். தென்னிந்தியப் பறவைகளைப் பட்டியல் போட்டவர். 1843-க்கும் 1847-க்கும் இடையில் சென்னையிலேயே 50 வண்ணப் படங்கள் கொண்ட பறவை நூல் ஒன்றை வெளியிட்டார். மூலப்படங்களில் பல, உள்ளூர் ஓவியர்கள் வரைந்தவை. புத்தகத்தின் மேல் ஜெர்டன் பெயர் இருக்கிறது, வரைந்த கைகளின் பெயர்கள் நம் நினைவில் இல்லை.

ஆனா இந்த அழகான படங்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. பறவை கைக்கெட்டும் தூரத்தில், பக்கவாட்டில், ஒவ்வொரு இறகும் தெரியும்படி நிற்கும். ஏரிக்கரையில் நிற்கிற நமக்கு எந்தப் பறவையும் அப்படித் தெரிவதில்லை.

அலமாரியில் படுத்திருக்கும் பறவை

19-ஆம் நூற்றாண்டில் ஆதாரம் என்றால் படம் கிடையாது. சுட்டுப் பாடம் பண்ணிய பறவைத் தோல்தான். நம் நாட்டில் இதில் பெரிய ஆள் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹ்யூம்தான். தோல், முட்டை, கூடு என்று அவர் சேர்த்தவை 80,000-க்கும் மேல். 1885-இல் எல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது குறிப்பிட்ட ஒரு உடலைச் சுட்டி, "இந்தப் பெயர் இதற்கு உரியது" என்று எழுதி வைப்பார்கள். டைப், தமிழில் வகைமாதிரி என்பார்கள். வார்த்தையைக் கேட்டதும் அந்த இனத்தின் சராசரியான, இலட்சணமான பறவை என்று தோன்றும். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அது குஞ்சாக இருக்கலாம், இறகு உதிரும் நேரத்தில் சுடப்பட்டதாக இருக்கலாம். பெயரை மாட்டி வைக்கும் ஆணி, அவ்வளவுதான். அந்த ஆணியையே முகம் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் வரும்.

ஒரே ஒரு பறவையை வைத்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சோமாலியாவில் ஒரு கதை நடந்தது. 1980-களின் கடைசியில் புலோ பூர்ட்டி என்ற ஊரில், மருத்துவமனை வளாகத்தில், புதுமாதிரியான ஒரு பறவை தென்பட்டது. பிடித்தார்கள். ஆனா கொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வளர்த்து, ரத்தமும் இறகும் எடுத்துக்கொண்டு, படம் பிடித்து, 1990-இல் விடுதலை செய்தார்கள். 1991-இல் புதிய இனம் என்று அறிவித்து, லிபரேட்டஸ், அதாவது விடுவிக்கப்பட்டது, என்று பெயரும் வைத்தார்கள். நல்ல மனசு. ஆனால் அப்படி இன்னொரு பறவை யாருக்கும் கிடைக்கவே இல்லை. 2008-இல் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, அது ஏற்கெனவே தெரிந்த ஒரு இனத்தின் அபூர்வ நிற வேறுபாடு என்று தெரியவந்தது. அந்த இனமே பட்டியலிலிருந்து போய்விட்டது.

நம் ஊரில் இதே வழி வேறுமாதிரி முடிந்தது. அருணாச்சலப் பிரதேசத்தில் ஈகிள்நெஸ்ட் காட்டில் ரமணா ஆத்ரேயா என்ற வானியல் விஞ்ஞானி ஒரு புதிய பறவையைக் கண்டார். 2006-இல் வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, விட்டுவிட்டார். வலையில் உதிர்ந்த இறகுகள், படங்கள், குரல் பதிவு ஆகியவற்றை வைத்தே இனத்தை விவரித்தார். அங்கே வாழும் புகுன் மக்களின் பெயரால் அது புகுன் லியோசிக்லா. அப்போது தெரிந்திருந்தவை மொத்தமே 14 பறவைகள். "ஒன்றைக் கொன்று அலமாரியில் வைத்தால்தான் ஆதாரம்" என்று அடம்பிடிக்க முடியாத எண்ணிக்கை அது.

இரண்டு கதையிலும் பறவையைக் கொல்லவில்லை. அங்கே கையில் இருந்தது ஒரே ஒரு பறவை. இங்கே காட்டில் பலவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். வித்தியாசம் அதுதான்.

ஒரு சின்னக் கோடு

துப்பாக்கி போய் பைனாகுலர் வந்த காலத்தில்தான் படத்தின் வேலையே மாறியது. அதில் முக்கியமான வருஷம் 1934.

அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் என்று 25 வயதுப் பையன். ஓவியன். சின்ன வயசில் எர்னஸ்ட் தாம்ஸன் சீட்டன் எழுதிய ஒரு கதைப் புத்தகம் படித்திருந்தான். அதில் வரும் சிறுவனிடம் பறவைப் புத்தகம் இருக்கும். படத்தில் வாத்துகள் பக்கத்தில் இருக்கின்றன, நிஜத்தில் குளத்தின் நடுவில் தூரத்தில் இருக்கின்றன. எனவே அவன் பாடம் பண்ணிய வாத்துகளைப் பார்த்து, தூரத்திலிருந்து தெரியும் திட்டுகளை மட்டும் வரைந்து வைத்துக்கொள்வான். பீட்டர்சனுக்கு அந்த யோசனை மனசில் ஒட்டிக்கொண்டது.

அவர் செய்த புத்தகத்தைச் சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒருவர் பயந்து பயந்து 2,000 பிரதி போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோனது. அதில் வண்ணப் பக்கங்கள் வெறும் நாலு. மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. ஆடுபான் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பள்ளிப் பிள்ளை வரைந்தது போல இருக்கும். ஆனால் ஒரே மாதிரித் தெரியும் பறவைகள் ஒரே பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்தபடி, ஒரே நிலையில் நின்றன. எங்கே வித்தியாசமோ அங்கே ஒரு சின்னக் கோடு. "இங்கே பார்" என்று விரல் வைத்துக் காட்டுவது போல.

ஒரு பறவை எப்படி இருக்கும் என்று காட்டுவது ஒரு வேலை. பக்கத்துப் பறவையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது வேறொரு வேலை. பீட்டர்சன் இரண்டாவது வேலையைத் தேர்ந்தெடுத்தார். நான் என் சார்ட்டில் செய்தது முதல் வேலை மட்டும். அதையும் பாதியாக.

நம் நாட்டில் 1941-இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம் வந்தது. குருவியை, மைனாவை, காக்கையை அளவுகோலாக வைத்து, "மைனாவை விடச் சின்னது" என்று பேசும் புத்தகம். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததுக்குப் போவது. படத்தில் அளவு தெரியாது என்ற குறையை அந்த ஒரு வரி சரிசெய்துவிடும்.

புகைப்படம் பொய் சொல்லாதா?

1970-களில் அமெரிக்காவில் முழுக்கப் புகைப்படங்களாலேயே ஆன பறவைக் கையேடுகள் வந்து நன்றாக விற்றன. போட்டோதானே நிஜம், ஓவியன் கற்பனை பண்ணுவானே என்ற நம்பிக்கை. பீட்டர்சன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. புகைப்படத்தில் இருப்பது ஒரு நொடி, ஓவியத்தில் இருப்பது பல வருஷம் பார்த்தது என்பது அவர் கட்சி.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் ஏரிக்கரை மடையானையே எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது மண்ணோடு மண்ணாகப் பழுப்புக் கோடுகள். பறந்தால் திடீரென்று வெள்ளை வெளேர் இறக்கை. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கரும்சிவப்பு. எந்த நொடியைப் படம் பிடித்தாலும் மற்ற இரண்டும் விடுபடும். ஆண் ஊதாத் தேன்சிட்டு இனப்பெருக்கம் முடிந்ததும் மின்னும் உடையைக் கழற்றிவிட்டுப் பெண்ணைப் போல மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம். ஆக, ஒரு இனம், மூன்று முகம். காலை வெயிலில் எடுத்தால் பழுப்பும் பொன்னிறமாகும். மேகமூட்டத்தில் மின்னும் நீலமும் கறுப்பாகும்.

இதற்கு 2011-இல் ரிச்சர்ட் கிராஸ்லி ஒரு பதில் சொன்னார். ஒரு இனத்துக்கு ஒரு படம் என்பதையே விட்டுவிட்டார். ஆண், பெண், குஞ்சு, பறப்பது, முதுகு காட்டுவது, தூரத்தில் புள்ளியாக நிற்பது என்று ஒரே பக்கத்தில் பல படங்களை ஒட்டி ஒரு காட்சியாக்கினார். பார்க்க நெரிசலாகத்தான் இருக்கும். வெளியே போய்ப் பார்த்தாலும் அப்படித்தானே இருக்கிறது?

கம்ப்யூட்டருக்குப் பறவை கற்றுக்கொடுக்கப் போனவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் கூட்டாளிகளும் 2015-இல் வெளியிட்ட வட அமெரிக்கப் பறவைப் படத் தொகுப்பில் 48,000-க்கும் மேற்பட்ட படங்கள். இனங்கள் ஏறக்குறைய 400. ஆனால் அவற்றை 500-க்கும் மேற்பட்ட தோற்றங்களாகப் பிரித்து வைத்தார்கள். ஆண் தனி, பெண் தனி, இளம்பறவை தனி. அழகான ஆண்களை மட்டும் காட்டி வளர்த்தால் இயந்திரமும் முருங்கை மரத்தைப் பார்த்து "இது வேற சார்" என்றுதான் சொல்லும்.

சீட்டு பொய் சொன்ன கதை

படம் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு கதை சொல்லி முடிக்கிறேன்.

1873-இல் ஹ்யூம் விவரித்த சின்ன ஆந்தை ஒன்று உண்டு. ஃபாரஸ்ட் அவ்லெட். நம் வீட்டுப் பக்கத்துப் புள்ளி ஆந்தையின் சொந்தக்காரன், ஆனால் தலையில் புள்ளி அநேகமாக இருக்காது. உலகம் முழுக்க இருந்த தோல்கள் ஏழே ஏழு. 1884-க்குப் பிறகு கிடைத்ததாகச் சொல்லப்பட்டது ஒன்றுதான். கர்னல் மைனர்ட்ஸாகன் 1914-இல் குஜராத்தில் சுட்டதாகச் சீட்டுக் கட்டியிருந்த பறவை.

1990-களில் பமீலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் அதைச் சோதித்தார். பழைய தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்திருந்தது தெரிந்தது. ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1880-களில் மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியில் சேகரித்த பறவை அது. மைனர்ட்ஸாகன் மியூசியத்திலிருந்து திருடி, புதிய சீட்டு மாட்டியிருக்கிறார்! பறவை நிஜம். இடமும் தேதியும் பொய்.

அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, மற்ற தோல்களின் நம்பகமான சீட்டுகளில் இருந்த இடங்களில் ராஸ்முசென் குழு தேடியது. 1997 நவம்பரில் கான்தேஷில் ஷாஹாதா பக்கம், 113 வருஷத்துக்குப் பிறகு, அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் கிளையில் உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் புள்ளி ஆந்தை என்று நினைத்து நகர்ந்துவிடாமல் நின்றதற்குக் காரணம், தலை, மார்பு, கால் என்று எதைப் பார்க்கணும் என்று அலமாரித் தோல்களில் முன்பே படித்து வைத்திருந்ததுதான். எங்கே, எப்போது என்ற இரண்டு விவரமும் இல்லாத படத்தை அதற்குப் பிறகு நான் எந்தச் சார்ட்டிலும் சேர்ப்பதில்லை.

சார்ட்டைத் திருத்தியது

இவ்வளவும் படித்த பிறகு பழைய சார்ட்டை எடுத்துவிட்டு வேறொன்று செய்தேன். அதே 20 பறவை, ஆனால் 43 படம். ஆணும் பெண்ணும் வேறாக இருந்தால் இரண்டும் சம அளவில். பருவத்துக்குப் பருவம் மாறினால் இரண்டு பருவமும். கொக்கு வகைக்கெல்லாம் நிற்பது ஒன்று, பறப்பது ஒன்று. குழம்பக்கூடிய பறவைகள் பக்கத்துப் பக்கத்தில். பெண் ஊதாத் தேன்சிட்டுக்குத் தொண்டையும் மஞ்சள், பெண் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்குத் தொண்டை வெளுத்த சாம்பல். அந்தத் தொண்டைக்கு நேராகப் பீட்டர்சன் பாணியில் ஒரு கோடு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடம், மாதம்.

விருது வாங்கிய ஒரு மீன்கொத்திப் படத்தை எடுத்துவிட்டேன். மீனோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற அபாரமான படம். ஆனா எந்த மீன்கொத்தி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கொடுத்த நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம். அந்த இடத்தில் இப்போது இருப்பது பள்ளிக்கூடத்து மின்கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மீன்கொத்தி.

அந்தப் பெண் புது சார்ட்டைப் பார்த்து முருங்கை மரத்துப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டாள். கூடவே அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "காக்கா கூட்டுல இருக்குற குயில் குஞ்சு எப்படி சார் இருக்கும்? அதைக் காணோமே."

நியாயமான கேள்வி. காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு கறுப்பாக, கிட்டத்தட்ட காக்கை மாதிரியே இருக்கும். பார்த்திருக்கிறேன், ஆனா பக்கத்தில் இருக்கும் காக்கைக் குஞ்சோடு சேர்த்துத் தெளிவாகத் தெரிகிற படம் இதுவரை கிடைக்கவில்லை. குயிலுக்கான கட்டத்தில் மூன்றாவது இடம் காலியாகவே இருக்கிறது. உங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அழகாக இருக்கணும் என்று இல்லை. எந்த ஊர், எந்த மாதம் என்று மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.